அப்பா குப்புற விழ வேண்டும்

விமானம் மேலே எழும்பியதும் எல்லாரும் மேகத்தைப் பார்ப்பார்கள். நான் இன்றைக்கும் சேறு தேடுவேன். காரணம் எங்கள் சித்தப்பா.

எனக்கு எட்டு வயதிருக்கும். சிட்லபாக்கத்தில் இருந்தோம். அப்பாவை அலுவலக வேலையாக டெல்லிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். வீட்டில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பித் தலைக்கு மேல் உறுமிப் போவதற்கெல்லாம் கையாட்டியதோடு சரி.

எங்களோடு இருந்த சித்தப்பா சும்மா இருக்கக் கூடாதா? ஏதோ வெளிநாட்டில் விமானம் நடுவானில் உடைந்து, பாராசூட் இல்லாமல் விழுந்த ஒரு பெண் பிழைத்துக்கொண்ட கதையை எனக்குச் சொன்னார்.

"எப்படி சித்தப்பா?"

"சிம்பிள்டா. கையைக் காலைப் பல்லி மாதிரி விரிச்சிக்கணும். குப்புற விழணும். கீழ சேறு இருக்கணும். நம்ம பக்கத்துல இருக்கிற பள்ளிக்கரணை சதுப்புச் சேறு ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

அவருக்குத் தமாஷ். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா சேறில்லாத இடத்தில் விழுந்துவிட்டால்? கட்டிலிலிருந்து மெத்தைமேல் விழுந்து விழுந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூக்குதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் கூடத்தில் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபித்த பிறகுதான் பெட்டி வாசலைத் தாண்டும். ஜெபம் சொல்வது வீட்டிலேயே சின்னவன், அதாவது நான். அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். காத்துக்கொள்ளும் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆண்டவருக்கு விவரம் போதாதோ என்று எனக்குப் பதற்றம்.

"ஆண்டவரே, அப்பா பிளேன்லேர்ந்து விழும்போது குப்புற விழ உதவி செய்யும். பள்ளிக்கரணை சேத்துலயே விழப்பண்ணும். தார் ரோடு வேண்டாம். பல்லி மாதிரி விரிச்சிக்க ஞாபகப்படுத்தும். கண்ணாடியைக் கழட்டச் சொல்லும்."

சித்தப்பாவின் முதுகு குலுங்கியது. அம்மா கண்ணைத் திறக்காமலே என் தொடையைத் தேடிக் கிள்ளினாள். அப்பாதான் எல்லாருக்கும் முன்னால், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "ஆமென்" என்றார்.

அவர் உள்ளங்கை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. முகம் கழுவிவிட்டுத் துடைக்க மறந்துவிட்டார்போல என்று நினைத்து, என் டிராயரிலேயே துடைத்துவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்த தகவல் பக்கத்து வீட்டு போனுக்கு வரும்வரை, மொட்டைமாடியில் நின்று பள்ளிக்கரணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா வந்தார். இரண்டு நாள் ரயிலில். சட்டையெல்லாம் புழுதி.

"திரும்பி வர்ற பிளேன் ஃபுல்லுடா. இடமில்லைன்னுட்டான்" என்றார்.

துவைக்கப் போட அம்மா அந்தச் சட்டைப்பையைத் துழாவினாள். இடம் உறுதி என்று குறித்திருந்த, டெல்லியிலிருந்து திரும்பும் விமானச் சீட்டு ஒன்று மடங்கியபடி வந்தது. பிரித்துப் பார்த்தாள், மறுபடி பையிலேயே வைத்தாள். அந்தச் சட்டையை மட்டும் அன்று துவைக்கவில்லை.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுங்கப்பா, அடுத்த தடவ இடம் கெடைக்கும்" என்று தேற்றினேன்.

"கெடைக்கும்டா" என்று என் கன்னத்தைத் தடவினார். கை நன்றாக உலர்ந்திருந்தது. இந்தத் தடவை துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.