சப்பாத்துக்குள் ஓர் உப்புக்கல்

போன ஆகஸ்ட் மாதம் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பிளாசாவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்துவிட்டேன். "என்னப்பா, மற்றச் செருப்பு எங்கை?" என்று மனைவி நளாயினி கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, தார் சுட்டதும் தெரியவில்லை.

சலரோகம், அதாவது நீரிழிவு, எனக்குப் பத்து வருடப் பழக்கம். குளிசை போடுகிறேனே என்ற துணிவில் இருந்தவன். டொக்டர் மெல்லிய நைலோன் இழையால் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நரம்புப் பாதிப்பு (இரத்தத்தில் கூடிய சீனியால் பாதத்தின் உணர்வு மங்குவது), வலதில் அதிகம் என்றார்.

"நான் சொல்லுமட்டும் பஸ் ஓடவேண்டாம்."

நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். பிரேக் மிதிப்பது அந்தக் கால்தான். அன்றைக்குப் பயந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவர் எங்களைத் தாதி தர்சினியிடம் அனுப்பினார். மருந்து கொடுப்பதல்ல, வாழ்க்கைமுறையை மாற்றக் கூடவே நிற்பதுதான் அவர் வேலை. பேச்சு வாங்கத் தயாராகப் போன என்னிடம், "அங்கிள், எந்தச் சாப்பாட்டை விடவே மாட்டியள்? அதை கீப் பண்ணுவம்" என்றார்.

"புட்டு."

புட்டு தப்பியது, அளவுதான் குறைந்தது.

அவர் சொன்னபடி இரண்டு வாரம் சாப்பிட்டதையெல்லாம் கொப்பியில் எழுதிக் கொண்டுபோனேன். தர்சினி புரட்டிப் பார்த்தார். "சனி ஞாயிறிலை ஒண்டும் சாப்பிடுறேல்லையோ அங்கிள்?"

"அது பிறந்தநாள், கலியாணம்... ஆக்கள் தாற சாப்பாடு பிள்ளை. அதையும் எழுதவேணுமே?"

நளாயினி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஸ்காபரோத் தமிழனுக்கு ஹோல் (விழா மண்டபம்) இல்லாத சனிக்கிழமை உண்டா? சாப்பிடாமல் வந்தால் வீட்டுக்காரர் குறை நினைப்பார்கள்.

தர்சினி போகவேண்டாம் என்று சொல்லவில்லை. "அங்கை ஒருத்தரும் சாப்பிடச் சொல்லிக் கரைச்சல் குடுக்காத ஆள் ஆர்?"

யோசித்தேன். "பரிமாறுற ஆள்."

அடுத்த சனிக்கிழமையே கரண்டியைத் தூக்கினேன். வெறும் தட்டங்களோடு சமையலறைக்கும் மேசைக்கும் ஓடினேன். கடைசியில் பசிக்கு அளவாக நானே போட்டுச் சாப்பிட்டேன். இப்போது அழைப்பிதழ் தரும்போதே, "அண்ணை, சோத்து மேசை உங்கடை பொறுப்பு" என்கிறார்கள். குளிர் தொடங்கியதும் இருவரும் கடைகள் நிறைந்த மோலுக்குள் நடந்தோம். நளாயினியின் பிரஷரும் இறங்கியது. என் மூன்று மாதச் சராசரிச் சீனியும் இறங்கியது.

ஜனவரியில் ஒருநாள் ஹோலிலிருந்து காருக்கு நடக்கையில் வலது காலில் ஏதோ குத்தியது. சப்பாத்தைக் கழற்றித் தட்டினேன். பனி உருக வீதியில் தூவும் உப்பில் ஒரு கல் விழுந்தது.

"என்னப்பா நிக்கிறியள்? குளிருது."

"நளா, குத்தினது! வலது கால்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே நிலைமைதான்.

டொக்டர் மறுபடி இழையால் தொட்டுப் பார்த்து, பஸ் ஓடலாம் என்று கையெழுத்து வைத்தார். முழு உணர்வும் திரும்பவில்லை. எல்லோருக்கும் திரும்பும் என்றும் நான் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுவேன். இப்போது இரண்டு நிமிடம் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஐம்பத்தாறு வருடம் என்னைச் சுமந்தவை, அவற்றுக்கு இவ்வளவு நேரமாவது கொடுக்கவேண்டாமா?

திங்கட்கிழமை முதல் பஸ் தரிப்பில் பிள்ளைகள் நின்றார்கள். பிரேக்கை மிதித்தேன். மிதித்தது காலுக்குத் தெரிந்தது.