அவள் மாற்றிய பாகங்கள்

உயிரோடு இருக்கும் பெண்ணோடு சண்டை போடலாம். நாலு வார்த்தை கேட்கலாம், அவளும் திருப்பிக் கேட்பாள், மனசு ஆறிவிடும். செத்துப்போனவளோடு என்ன செய்வது? என் கணவரின் முதல் மனைவி நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களுடையது ஐம்பதைத் தாண்டி நடந்த கல்யாணம். அவருக்கு இரண்டாவது, எனக்கு முதல். அபிராமபுரத்து ஃபிளாட்டில் அவள் புடவைகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். போட்டோவை அவள் மகள் வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமபோன்.

அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் ஓடும், பித்தளைப் புனல் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்து அதை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பார். நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் அந்த நேரத்து முகம் எனக்கான முகம் இல்லை. எனக்கு வயிறு எரியும். சொல்வதில் வெட்கம் என்ன, எரியத்தான் செய்தது.

நான் தரமணியில் ஒரு பாலிடெக்னிக்கில் கருவிகள் பழுதுபார்க்கும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதல் தடவை அந்தப் பெட்டியைத் துடைக்கும்போதே, இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மேல் பலகையில் இரண்டு ஸ்க்ரூக்களுக்கு ஸ்டார் தலை. அந்தக் காலத்துப் பெட்டி என்றால் தலையில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். யார் பிரித்தது என்று கேட்டேன். அவள்தானாம். மெக்கானிக்கையே கூப்பிடமாட்டாளாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வாளாம். அதைச் சொல்லும்போது குரலில் பெருமை வேறு.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், பழம்பொருள் என்றால் அது பிறந்தபடி இருக்க வேண்டும், கண்டதைப் போட்டு ஒப்பேற்றியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சரியான பாகங்களைப் போட வேண்டும் என்று. இதில் பொய் ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அதுதான் எனக்கு வசதி. அவர் பெட்டியின் மேல் பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, உனக்குத் தெரியாததா, செய் என்றார்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து ஆரம்பித்தேன். ரிக்கார்டு சுழலும் தட்டின் மேல் சிவப்பு வெல்வெட் ஒட்டியிருந்தது. ரவிக்கைத் துணி, எந்தப் பெண்ணுக்கும் பார்த்ததுமே தெரியும். ஓரமெல்லாம் பொடித் தையல், பிசிறே இல்லை. நடுக் கம்பியைச் சுற்றிப் பழைய பசையில் பச்சைக் கம்பளி நூல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அசல் துணி பச்சை. ரங்கநாதன் தெருவில் கூட்டத்தோடு இடிபட்டுப் பச்சைக் கம்பளித் துணி வாங்கி வந்தேன். அவளைவிட நன்றாக வெட்டி ஒட்டினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது ஊசி பொருந்தியிருக்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸ். சத்தம் பிறக்கிற இடம் அது. உள்ளே ஊசியோடு சேர்ந்து அதிரும் மைக்காத் தகடு இருக்க வேண்டும். இருந்தது கறுப்பாக வேறு ஏதோ. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமாக வெட்டியிருந்தாள். அதில் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை, விலா எலும்பு. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, எதிர் நாற்காலியில் இருந்த அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். நெஞ்சில் நோய் வந்து நெடுநாள் கிடந்து போனவள் அவள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் பாட்டெல்லாம் அவள் நெஞ்சுக்கூட்டைத் தொட்டுவிட்டுத்தான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியாகக் கைப்பிடி. அந்தப் பெட்டி ஏன் எப்போதும் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். கைப்பிடி நாலு விரற்கடை கூடுதலாக நீண்டிருந்தது. உள்ளே தள்ளி வைத்தால் சுற்றும்போது மேஜையில் இடிக்கும். துணியால் துடைத்ததும் வெல்டிங் தழும்பு தெரிந்தது.

"கடைசியில அவ கையில வலுவே இல்ல," என்றார். "நீளமா இருந்தா சுத்தறது சுலபம்னு அவளே சொல்லிச் செய்யவெச்சா. இது மட்டும் இருக்கட்டுமே."

ஒன்றை விட்டால் மற்றதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை என்றேன்.

மயிலாப்பூரில் பழைய சாமான் விற்கும் பாயிடம் அந்தக் கைப்பிடியைக் கொண்டுபோய்க் காட்டி, இதே திருகுக்குப் பொருந்தும் குட்டைக் கைப்பிடி கேட்டேன். "இன்னாமா, சோக்காத்தானே கீது, இத்த ஏன் மாத்துற?" என்றார். அசல் வேண்டும் என்றேன். மூட்டையைக் குடைந்து எடுத்துக் கொடுத்தார். மைக்காத் தகடும் ஒற்றைக் கோடு ஸ்க்ரூக்களும் அவரிடமே கிடைத்தன.

கழற்றியதை எறியக் கூடாது என்பது எங்கள் லேபில் பால பாடம். நாளைக்கு யாராவது பழையபடி மாற்ற வேண்டும் என்றால் வழி இருக்க வேண்டும். வெல்வெட், ஃபிலிம், கைப்பிடி, ஸ்டார் ஸ்க்ரூ எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டி, காலி மைசூர்பாகு டப்பாவில் அடுக்கினேன். பரணில் போட்டுவிடுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்தோம். சத்தம் கணீரென்று வந்தது, இழுவையும் கரகரப்பும் போன இடம் தெரியவில்லை. அவர் கண்ணை மூடவே இல்லை. தாளம் போட்டார், என்னைப் பார்த்துச் சிரித்தார், உன் கை கைதான் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வாரம் பூராவும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டி பஜாருக்குப் போய் எனக்கு நானே ஒரு பட்டுப் புடவை எடுத்துக்கொண்டேன்.

புடவையை வைக்கப் படுக்கையறை பீரோவைத் திறந்தபோது, அவருடைய தட்டில் இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் அந்த டப்பா இருந்தது. அவருடைய கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். ஏன் இங்கே என்று கேட்டேன்.

"பரண்ல கரப்பான் அரிச்சிடும்," என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "நீதானே எதையும் எறியக் கூடாதுன்னே."

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான். ஹாலில் தட்டில் கொஞ்சம், ஊசிக்கு மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம் என்று சிதறித்தான் இருந்தாள். அவள் ரவிக்கையையும் விலாவையும் கையையும் நானே கழற்றி, சேதமில்லாமல் ஒன்றுசேர்த்து, நாங்கள் படுக்கிற அறைக்குள் அனுப்பிவைத்திருக்கிறேன்.