பூப்போட வருகிறார்கள் என்று கத்தியவன் நான்

இந்தப் பதிவில் கோயில் படம் ஒன்றுகூட இல்லை. சென்ற சனிக்கிழமை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும், அங்கிருந்து சித்தியவானுக்கும் போய் வந்தேன். பத்தொன்பது நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போன பயணம். காரணம், சித்தியவானிலிருந்து ஓர் அம்மா எழுதிய மின்னஞ்சல். "உங்கள் காணொளியில் விழும் விமானத்தில் இருந்தவர் என் கணவர். கடைசி நேரத்தில் அவர்தான் தவறாகக் கணித்துவிட்டார் என்கிறார்கள். அதற்கு முந்தைய பகுதி உங்களிடம் இருக்கிறதா?"

இருந்தது. அதை வெட்டியவனே நான்தான்.

காலை 6.40க்குப் புந்தோங் வீட்டிலிருந்து காரில் கிளம்பினேன். ஆயர் தாவார் வரை 70 கிலோமீட்டர், சாலை நன்றாகவே இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போதும். டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் உணவுக்கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் என்கிற ஆற்றிய பால் தேநீர், 6 ரிங்கிட் 20 சென். ஒரு ரொட்டிதான் உள்ளே இறங்கியது. அங்கிருந்து தோட்டத்துக்கு 9 கிலோமீட்டர். கடைசி மூன்று செம்மண் பாதை, மழை பெய்திருந்தால் சின்னக் கார் வேண்டாம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம். வெட்டவெளி என்று சொன்னால் கோயிலை ஒட்டிய பந்து திடல் மட்டும்தான்.

ஏழு மாதத்துக்கு முன் அந்தக் கோயில் கும்பாபிஷேகத்தைப் படம் பிடிக்கப் போயிருந்தேன். பெரிய கோயில்களில் அன்றைக்கு ஹெலிகாப்டர் பிடித்து மேலிருந்து பூத் தூவுவார்கள். இந்தக் கோயில் கமிட்டிக்கும் அந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு, காசுதான் எட்டவில்லை. கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் இருக்கும். செம்பனைக்கு மேலே நீண்ட இறக்கையோடு வெள்ளையாக ஒன்று, சத்தமே இல்லாமல் தாழ்ந்து வந்தது. கமிட்டித் தலைவர் முனியாண்டி அண்ணன் யாருக்கும் சொல்லாமல் ஏற்பாடு பண்ணிவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். கைப்பேசியில் படம் பிடித்தபடியே திடலுக்குள் ஓடி, "பூப்போட வராங்க லா! எல்லாம் வாங்க, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாற்பது ஐம்பது பேர் என் பின்னால் ஓடிவந்தார்கள். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது எஞ்சின் இல்லாத கிளைடர். காற்று தூக்காமல் போனால் கிடைத்த வெட்டவெளியில் இறக்கியாக வேண்டும். ஒரு தடவை தவறினால் மறுபடி மேலேறி வர வழி கிடையாது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று பார்த்தது இவ்வளவுதான்: புல்லைத் தொடப்போன விமானம் சட்டென்று சாய்ந்து எங்களைவிட்டு விலகியது, இறக்கை செம்பனையில் மோதியது. எங்களில் ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த சிவநேசன் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர் அங்கேயே இறந்துபோனார்.

போலீஸ் கேட்டபோது, திடீரென்று மோதிவிட்டது, வேறொன்றும் தெரியாது என்றேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். அன்று மாலையே காணொளியைப் பதிவேற்றினேன். முதல் 22 நொடியில் ஓடிவரும் கூட்டமும் பல்லிளிக்கும் என் முகமும் இருந்தன; அதை வெட்டினேன். மிச்சத்தில் கேட்ட என் குரல்மேல் நாதஸ்வரத்தைப் போட்டேன். சீ, எழுதவே கை கூசுகிறது. கூட்டம் எனக்குப் பின்னால் நின்றதால் படத்தில் காலித் திடல்தான் தெரிந்தது. "பெருசுக்குக் கண்ணு தெரியல போல, இவ்ளோ பெரிய திடல விட்டுட்டு மரத்துல போய் மோதுது" என்று ஒருவர் கருத்து எழுதினார். நிறைய பேர் சிரித்திருந்தார்கள். நான் அதை நீக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை முதலில் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"விடுங்க தம்பி. போன உசுரு திரும்பவா போவுது? கோயில் பேருதான் கெட்டுப்போவும் லா."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பேன். எப்படியோ வாயைத் திறந்தேன். "ஓடுனவங்களச் சொல்லப் போகலண்ணே. கூப்பிட்டவன் நானு. அதத்தான் சொல்லப் போறேன்."

அவர் திடல் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப போங்க. நானும்தான் கையத் தூக்கிக்கிட்டு நின்னேன். அதையும் சொல்லிருங்க."

சித்தியவான் அங்கிருந்து 21 கிலோமீட்டர், 35 நிமிடம். 11.10க்கு வீட்டு வாசலில் நின்றேன். சிவநேசனின் மனைவி மங்களம் அக்கா, அறுபதை ஒட்டிய வயது, யாழ்ப்பாணத் தமிழ் வாடை மாறாத பேச்சு. "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று காப்பி கொண்டுவந்து வைத்தார். இந்த மரியாதைக்கு நான் லாயக்கில்லை. கைப்பேசியை நீட்டினேன்.

இரண்டு தடவை முழுதாகப் பார்த்தார். மூன்றாவது தடவை, விமானம் சாயும் இடத்தில் நிறுத்தினார்.

"இந்த இடத்தில உங்களையெல்லாம் கண்டிட்டார், என்ன?"

"ஆமாக்கா."

"நேரா வந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார்."

"மன்னிச்சிருங்கக்கா..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இப்ப வேண்டாம். தகப்பன் பிழை விட்டிட்டார் என்று என்ர மகன் ஏழு மாசமா அவர் பேரையே எடுக்கிறதில்ல. இதை அவனுக்கு அனுப்புங்கோ. பிறகு முழுசாப் போடுங்கோ. உங்கட குரலோட."

அங்கேயே உட்கார்ந்து மகனுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை போலீஸிலும் முழுக் காணொளியைக் கொடுத்து, முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னேன்.

தோட்டக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. விமானம் மாதிரி எது தாழ்வாகச் சுற்றினாலும், சத்தம் இல்லாவிட்டாலும், திடலைவிட்டு உடனே வெளியே வாருங்கள். பக்கத்தில் நிற்பவரையும் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். தயவுசெய்து கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

கீழே இருப்பது முழுக் காணொளி, 1 நிமிடம் 9 நொடி, பாட்டு எதுவும் இல்லை. கத்துவது நான்தான். என்னைத் திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டுங்கள், எதையும் நீக்கமாட்டேன். கண் தெரியவில்லை என்று எழுதியவருக்கு மட்டும் ஏழு மாதம் கழித்துப் பதில் போட்டிருக்கிறேன்: அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.