மதாம் படிக்காமல் விட்ட வரி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஓர் அம்பாசடரின் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டாஞ்சாவடியில் என் பட்டறைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் மணி, தன் சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே தள்ளிவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, மதாம் வண்டி மூலக்குளத்துல பாலத்துக் கட்டையில போய் இடிச்சிக்கிச்சாம்ணே!"

"வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். மதாமுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மதாமைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்கண்ணே" என்றான். கையில் பெட்ரோல் நாற்றத்தோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த கூட்டத்தில் ஒருவர், "பிரேக்கு புடிக்கலையாம்பா" என்று சொன்னது காதில் விழுந்தது. பத்து வருஷமாக அந்த வண்டியின் பிரேக்கில் கை வைத்தவன் நான் ஒருவன்தான். மதாமைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று தெருப் படிப்பகத்தார் கேட்டபோதும் என் மண்டைக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கைதான் அவரைக் கொன்றதா?

மதாம் ரொசாலியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. இருபது வருஷம் அவர் அங்கே, மதாம் இங்கே. எழுபதுகளின் நடுவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், கப்பலில் ஒரு வண்டியையும் கொண்டுவந்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். தரையை ஒட்டி நிற்கும். அதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் அப்படியொரு ரேஸ் வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்த எட்டாம் மாதம் அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார்.

விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மெட்ராஸிலிருந்து ஒரு பணக்காரர் வந்து விலைகூடப் பேசினார். மதாமோ ஒருநாள் வெயிலில் நடந்தே என் பட்டறைக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய தடிமனான புத்தகம். வண்டியோடு வந்த பிரெஞ்சுக் கையேடு அது. "ஏழுமலை, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும். இது எப்படி ஓடுதுன்னும் தெரிஞ்சிக்கணும்" என்றார். அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது.

"எதுக்கு மதாம் இந்த வம்பு? வித்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்றேன்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்! அவரு என்கிட்ட வாயத் தொறந்து பேசுனது இந்த எட்டு மாசம்தான். அதுவும் வூட்டுல இல்ல, இந்த வண்டியில போறப்பதான். இத எப்படி விக்கிறது?" என்றார். மறுநாள் காலையே வரச் சொன்னேன்.

அம்பாசடரில் ஒரு வாரம் பழகிவிட்டுச் சிவப்பு வண்டியில் ஏறினார். ஊரே வேடிக்கை பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாக ஓட்டினார். கியர் மாற்றும்போது ஒரு சத்தம் வராது.

அந்த வண்டியை வைத்துக் காப்பாற்றுவது இருக்கிறதே, அப்பப்பா! டவுனுக்குள் ஓட்டினால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றால் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும். டயர் சைஸ் இந்த ஊரில் கிடையாது, மெட்ராஸ் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைய வேண்டும். கிளட்சுத் தகட்டுக்கு லாரிச் சாமானை அறுத்து ஒட்டினோம். அசல் சாமான் வேண்டுமென்றால் பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டும். சாமான் விலையைவிட வரி அதிகம். இதெல்லாம் போதாதென்று, மெதுவாக ஓட்டினால் கெட்டுப்போகிற வண்டி அது. பிளக்கில் கரி அடைத்துக்கொள்ளும். வேகமாக விரட்டினால்தான் சுத்தமாகும்.

ஒருநாள் அதிகாலை என்னையும் ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் விட்டார். முள் நூற்று அறுபதைத் தொட்டதும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "ஏழுமலை, கண்ணத் தொறங்க. பிளக்குதான் சுத்தமாவுது, நாம எங்கயும் போயிடல" என்று அவர் சிரித்தது இன்னும் கேட்கிறது. பெட்ரோல் விலை ஏறியபோது, "இந்த மாசம் வண்டி சாப்புடுது ஏழுமலை, நான் விரதம்" என்றார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் வேலை நடந்த முறையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன். மதாம் முக்காலி போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, மனசுக்குள் ஒரு வரி படித்துவிட்டு அதைத் தமிழில் சொல்வார். "மூணாவது போல்ட்ட முதல்ல தளத்தவும். பலவந்தம் கூடாது." நான் செய்து முடித்து "ஆச்சு மதாம்" என்றால் அடுத்த வரி. பட்டறை ஆட்கள், "மேஸ்திரிக்கு இன்னிக்கு ஞானோபதேசம்" என்று கேலி பண்ணுவார்கள். அந்தப் புத்தகத்தை நம்பி வேலை செய்ததால் வண்டி வருஷக்கணக்கில் எங்கேயும் நடுவழியில் நின்றதில்லை. அவ்வளவு நோஞ்சான் வண்டியை அப்படி ஓட வைத்தோமே என்று எனக்குத் தலைக்கனம்கூட இருந்தது.

நாலைந்து வருஷம் கழித்து எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. தண்ணீர் பம்பில் ஒழுக்கு. உள்ளே இருக்கிற சீல் மாற்ற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அசல் சாமான் மெட்ராஸில் ஒருவரிடம் இருந்தது, யானை விலை. நான் என் கைக்காசில் வாங்கிப் போட்டுவிட்டு, "லேத்துல கடைஞ்சது மதாம், ஒண்ணும் செலவில்ல" என்று புளுகினேன். பிரெஞ்சு எழுத்துப் போட்ட காலி அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்டது என் கேடு காலம். மதாம் கண்ணில் பட்டுவிட்டது. முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "எனக்குப் பிச்சை போடுறியா ஏழுமலை?" என்றார். அதுவரை ஒருநாளும் அவர் என்னை நீ என்று பேசியதில்லை.

மூன்று மாதம் பட்டறைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வண்டி ஆவி கக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. இறங்கியதும் ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே நான் படிக்கிறதுதான் வேலை. அதுக்கு மேல நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. நான் கேக்காம ஒரு சாமான் வாங்கக் கூடாது. இது இவ்வளவுக்கு ஆவும், அது அவ்வளவுக்கு ஆவும்னு என்கிட்ட பேசவும் கூடாது." எனக்கும் ரோஷம் இருந்தது. "சரி மதாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் சொன்னதைச் செய்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பேச்சு பழையபடி திரும்பியது, சிரிப்பும் திரும்பியது. காசைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் புறப்பட்டிருக்கிறார். மூலக்குளம் பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் கும்பலாக நிற்க, பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. 'பொம்பளைக்கு எதுக்கு ரேஸ் வண்டி, ஓட்டத் தெரியாம இடிச்சிக்கிச்சு' என்று பேசுகிற வாய்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வண்டியை நான் போய்ப் பார்த்தேன். கியர் முதலாவதில் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை அது வளைகிற அளவுக்கு இழுத்திருந்தார். பார்த்தவர்கள் சொல்கிறபடி, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே, ஆட்கள் நின்ற பக்கம் போகாமல், பாலத்துக் கட்டையைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. நூற்று அறுபதில் அசராமல் ஓட்டிய மனுஷி முப்பதில் ஸ்டீயரிங்கில் நெஞ்சு மோதிப் போனார் என்றால், இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் ஆயில் இரும்புக் குழாயில்தான் ஓடும். பின் அச்சு ஏறி இறங்குவதால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். அது வெடித்திருந்தது. அந்தக் காலத்து வண்டி, ஒரே லைன். ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இரண்டு வாரம் முன்புதான் அந்த ஹோஸைக் கையால் தடவிப் பார்த்திருந்தேன். வெளியில் ஒரு வெடிப்பு இல்லை. "ஹோஸப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா மதாம்?" என்றுகூடக் கேட்டேன். புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கவனிச்சிக்கவும்னு மட்டும் போட்டிருக்கு" என்றார். கவனித்தேனே!

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், காரைக்காலில் வாத்தியாராக இருக்கும் அவருடைய தம்பி பட்டறைக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். "அக்கா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லியிருப்பாங்க" என்றார். "சார், பிரேக்கு பக்கத்த மட்டும் ஒருதடவ படிச்சிச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"ரப்பர் ஹோஸ மூணு வருஷத்துக்கு ஒருதடவ கட்டாயம் மாத்தணும்னு போட்டிருக்கு. வெளியில நல்லா இருந்தாலும் மாத்தணுமாம். உள்பக்கம் இத்துப் போயிருக்குமாம்." அப்புறம் தயங்கி, "பக்கத்துல அக்கா பென்சிலால எழுதியிருக்காங்க" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். தமிழ்தான். 'அடுத்த வருஷம்' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே மறுபடியும் 'அடுத்த வருஷம்'. அதுவும் அடித்திருந்தது. ஐந்து தடவை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள், வந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "இதுக்கு எவ்ளோ ஆவும்னு பயந்தாங்களோ" என்றார். கப்பலில் வர வேண்டும், வரி கட்ட வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். படித்துச் சொன்னால் நான் எங்கேயாவது கைக்காசைப் போட்டு வாங்கிவிடுவேன் என்றும் நினைத்திருக்க வேண்டும். ஏன் நினைக்க மாட்டார்? செய்தவன்தானே நான்.

வெடித்த ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் போனேன். கம்பெனி மிஷின்களுக்கு ரப்பர் ஹோஸை அளவுக்கு வெட்டி, முனை அழுத்திக் கொடுக்கிற கடை. அதில் வேலை செய்கிற பையனில்லை, முதலாளியே வாங்கிப் பார்த்தார். "இதுக்காண்ணே இப்படி மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? ஒரு டீ சொல்லுங்க, அதுக்குள்ள போட்டுத் தந்துடுறேன்" என்றார். டீ வந்தது. கிளாஸை வாயில் வைக்கும் முன்பே புது ஹோஸை என் மடியில் வைத்துவிட்டார். டீ சட்டையில் கொட்டியது. இந்தக் கடையை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். இங்கே இது சல்லிக் காசுக்குக் கிடைக்கும் என்று மதாமிடம் ஒருநாள், ஒரே ஒருநாள், ரோஷத்தை விட்டு வாயைத் திறந்திருந்தால்?

வண்டி போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் விசாரணையை முடித்துவிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேற்று காலை அனுமதி கேட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். முன்பக்கம் நொறுங்கிக் கிடக்கிறது. நசுங்கிய குழாயை நிமிர்த்தினேன். அடியில் படுத்துப் புது ஹோஸை மாட்டினேன். ஆயில் ஊற்றினேன். லைனில் காற்றை வெளியேற்ற ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். தம்பி அக்காவின் சீட்டில் உட்கார்ந்தார். "மிதிங்க சார். விடுங்க. மிதிங்க. அப்படியே புடிச்சிக்கிங்க." நாலு சக்கரத்துக்கும் முடித்தோம்.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பொறுக்க மாட்டாமல், "இனிமே ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே பிரேக்கு?" என்றார். கடைசியாக ஒருதடவை மிதித்த தம்பி, "நிக்குதுண்ணே" என்றார். அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பாதி தூரத்தில் கெட்டியாக நின்றது. காலை எடுக்க மனசு வரவில்லை. எத்தனை நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ, தம்பி வந்து தோளைத் தொட்டார்.

மதாம், நீங்கள் படித்துச் சொல்லியிருந்தால் நான் ஹோஸுக்கு உங்களிடம் காசு வாங்கியிருப்பேன். சத்தியமாக வாங்கியிருப்பேன். போய் வாருங்கள்.