ரோந்து வண்டியில் துப்பாக்கிக்கு இடமில்லை

எங்கள் குடியிருப்பில் துப்பாக்கி இல்லாத வீடு எது என்று கேட்டால் பாதிரியார் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அவரிடமும் ஒன்று இருக்கும் என்பது என் சந்தேகம். அரிசோனாவில், ட்யூசானுக்கு வடக்கே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழடுகட்டைகளுக்காகவே கட்டிய இடம் இது. ஆளுக்கொரு வீடு, வாசலில் ஒரு கள்ளிச்செடி, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி. நானும் அப்படித்தான். இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் காவல் ரோந்துக்குத் தலைவியாக இருக்கும் நோரீன் டகெட், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவன் மட்டும்தான் ரோந்து வண்டியில் ஏறலாம் என்று சட்டம் போட்டிருந்தாள்.

அவள் துப்பாக்கியைக் கண்டு மிரளுகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செம்புச் சுரங்க ஊரில் பிறந்தவள். சைக்கிள் பழகும் முன்பே சுடப் பழகியவள். கல்யாணத்துக்குப் பிறகு சுடும் பயிற்சி மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்குத் துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நவம்பர் மாதத்தில் வான்கோழியைப் பரிசாக வைத்து நடக்கும் சுடும் போட்டியில் பரிசுக் கோழியை வருஷா வருஷம் அவளே தட்டிக்கொண்டு போனதால், கடைசியில் அவளை நடுவராக்கி உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்களும் கோழி தின்ன வேண்டாமா?

எங்கள் ரோந்து எப்படியென்றால், கோடை பிறந்ததும் வடக்கு மாநிலத்துக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குளிர்ந்த ஊர்களுக்கு ஓடிவிடுவார்கள். பாதி வீடு காலி. வெயில் ஏறும் முன்பு நோரீனும் நானும் கோல்ஃப் வண்டியில் கிளம்புவோம். ஒவ்வொரு காலி வீட்டுக்கும் இறங்கி, கதவுக் குமிழைத் திருகிப் பார்த்து, ஜன்னலில் மூஞ்சியை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்து, குழாய் ஒழுகுகிறதா என்று கவனித்துவிட்டு வருவோம். வண்டியில் இருப்பதெல்லாம் ஒரு விசில், தண்ணீர் ஜாடி, பாம்பு பிடிக்கும் இடுக்கி, பிடித்த பாம்பைப் போட ஒரு மூடி வைத்த வாளி. திருட்டுப்பயல் கண்ணில் பட்டால் போலீசுக்குப் போன் செய்ய வேண்டியது, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

"நம்ம வேலையே அடுத்தவன் வீட்டுக் கதவைத் திருகிப் பாக்குறதுதான்யா. தூரத்துல நின்னு பாத்தா நமக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?" என்பாள் நோரீன்.

இந்த ஜூன் மாதம் சோதனை வந்தது. காலி வீடுகளின் பின்பக்கம் இருக்கும் ஏசி பெட்டிகளை உடைத்து, உள்ளே இருக்கிற செம்புக் குழாயை எவனோ உருவிக்கொண்டு போக ஆரம்பித்தான். ஒருநாள் காலை நோரீனுக்குத் தலைவலி என்று நான் மட்டும் தனியாகப் போனேன். ஒரு வீட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பேர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார்கள். நான் விசில் ஊதினேன். அவர்கள் எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள். பழுதாகி நின்ற லாரிகளை இழுத்து வரும் தொழிலில் முப்பது வருஷம் எத்தனையோ முரடர்களைப் பார்த்தவன் நான். அன்று அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைக் கையில் எடுத்துக்கொண்டவர் ராய்ஸ் கெல்லர்மன். ஓஹியோவில் இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்று, போன வருஷம் வசந்தத்தில் எங்கள் இரண்டாம் தெருவுக்குக் குடிவந்தவர். ஆள் மலை மாதிரி இருப்பார், குரலும் அப்படியே. நல்ல மனுஷன்தான். புயலில் பக்கத்து வீட்டு விதவையின் கூரைத் தகடு பறந்தபோது கூப்பிடாமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

"விசில் ஊதி யாரைய்யா பிடிக்கப் போறோம்? கால்பந்தா ஆடுறோம்?" என்று நீச்சல் குளத்தருகே நின்று முழங்கினார். "நாளைக்கு அவனுங்க கம்பியால மெர்ல் மண்டையில ஒரு போடு போட்டா யாரு பதில் சொல்றது? ரோந்து போறவங்க இடுப்புல துப்பாக்கி இருக்கணும். சனிக்கிழமை கூட்டத்துல ஓட்டுக்கு விடுவோம்."

என் மண்டையை முன்வைத்துப் பேசியதால் மட்டும் அல்ல, எனக்கு அவர் சொன்னது சரியென்றே பட்டது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போது நோரீனிடம் சொல்லியும்விட்டேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்படவில்லை.

"யோவ் மெர்ல், ஆர்லோ இப்ப எங்க இருப்பான்?" என்றாள்.

ஆர்லோ அவள் புருஷன். சிமெண்ட் லாரி ஓட்டியவன், ஒரு காலத்தில் என்னோடு சீட்டாடி என்னைச் சுத்தமாகத் துடைத்தவன். இரண்டு வருஷமாக அவனுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே போகிறது. வீட்டில் இருக்க மாட்டான். டிவி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவான், அதுதான் லாரிச் சாவி என்று அவன் நினைப்பு. எங்கள் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதே மண் நிறச் சுவர், அதே வெள்ளைக் கதவு, அதே அரளிச்செடி. எது கண்ணில் படுகிறதோ அதுவே தன் வீடு என்று போய்க் கதவைத் திருகுவான். யார் வீட்டில் நுழைந்தாலும் ஒரு காபியைக் கொடுத்துக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.

"அந்தக் கறுப்பு ரிமோட்டோட எவன் வீட்டு வாசல்லயாவது நிப்பான். 'யாருடா அது, நில்லு'ன்னா அவனுக்கு நிக்கத் தெரியாது. திரும்பி ரிமோட்டைத்தான் நீட்டுவான். எதிர்ல நிக்கிறவன் இடுப்புல துப்பாக்கி இருந்தா என்ன ஆகும்னு சொல்லு."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"அந்த ஓட்டு ஜெயிச்சா அவனை உள்ள வெச்சுப் பூட்ட வேண்டியதுதான். வாழ்நாள் பூரா ரோட்டுல இருந்த மனுஷன்யா. பூட்டுன கதவுக்குப் பின்னாடி ஒரு மாசம் தாங்க மாட்டான்."

"இதையே சனிக்கிழமை சொல்லு. கல்லும் கரையும்."

"சொல்ல மாட்டேன்." அவள் குரல் சட்டென்று இறுகியது. "என் புருஷனைக் காட்டி ஓட்டுப் பிச்சை எடுக்க மாட்டேன். அவனை நாலு பேர் பாவம் பாக்கறதை என்னால உக்காந்து கேக்க முடியாது."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, அவள் மேல் மரியாதையாகவும் இருந்தது.

சனிக்கிழமை மதியம் பொதுக்கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் கூட்டங்களுக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது வழக்கம். பீன்ஸ் குழம்பு, சோள ரொட்டி, யாருமே தொடாத பச்சை ஜெல்லி. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் சண்டை. ராய்ஸ் எழுந்து அருமையாகப் பேசினார். என் விசில் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். கூடமே சிரித்தது, பிறகு கோபப்பட்டது. ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

நோரீன் எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம் கேக்கணும். துப்பாக்கி விஷயத்துல என்னைவிட உங்களுக்கு விவரம் ஜாஸ்தி போல" என்றாள். இந்தக் குத்தல் யாருக்கும் புரியாமல் இல்லை. "போன வருஷம் ஒருநாள் பட்டப்பகல். ஆர்லோ உள்ள தூங்குறான். நான் சமையலறை மேசையில என் துப்பாக்கியத் துடைச்சு, தோட்டாவையும் போட்டு முடிச்சுட்டேன். கதவு திறக்குது. தட்டலை, கூப்பிடலை. முன்ன பின்ன பாக்காத ஆளு ஒருத்தன், நல்லா தடியன், விறுவிறுன்னு உள்ள வர்றான். நான் என்ன செய்யணும்?"

"இதுல கேக்க என்ன இருக்கு?" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

ராய்ஸ் மேசையைத் தட்டினார். "இதைத்தான் நானும் சொல்றேன்! உங்க வீடு, உங்க உரிமை, சட்டம் உங்க பக்கம். போட்டுத் தள்ளியிருக்கணும். நான் இருந்திருந்தா யோசிச்சே இருக்க மாட்டேன்!"

கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி. என் கை யோசிக்கலை" என்றாள் நோரீன். "மேசைக்கு அடியில துப்பாக்கி அவன் வயித்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. விரல் விசையில. நான் வெச்ச குறி தப்புனதில்லை, உங்களுக்கே தெரியும். அந்த ஆளு என்னைக் கவனிக்கவே இல்லை. நேரா என் ஃப்ரிட்ஜைத் திறந்தான். கையில இருந்த பையில இருந்து பால் டப்பாவை எடுத்து உள்ள வெச்சான். அப்புறம் முட்டை. அப்புறம் ஊறுகாய் பாட்டில். எங்க வெக்கிறதுன்னு இடம் தேடி, என் குழம்புச் சட்டிய ஒதுக்கி வேற வெச்சான்."

கூடம் வெடித்துச் சிரித்தது. நான் தற்செயலாக ராய்ஸைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பத்தான் திரும்பி என்னைப் பாத்தான். 'அடுத்த தெரு, தம்பி'ன்னு சொன்னேன். வெளிய சொல்லிடாதீங்கன்னு கெஞ்சுனான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்."

"யாரு? யாரு?" என்று நாலாபக்கமும் குரல்.

"வாக்குன்னா வாக்கு. சொல்ல மாட்டேன்." நோரீன் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "இந்த மாவட்டத்துல என்னளவுக்குத் துப்பாக்கி பழகினவங்க ஒருத்தரைக் காட்டுங்க. சுடறதுக்கு முன்னாடி எதிர்ல யாருன்னு பாருன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துனவ நான். எனக்கே விரல் விசைக்குப் போயிடுச்சு. அவன் கையில அந்தப் பைக்குப் பதிலா கறுப்பா ஒரு போன் இருந்திருந்தா, அதைத் துப்பாக்கின்னு நினைச்சு அன்னிக்கே ஒரு நல்ல மனுஷனைப் புதைச்சிருப்போம், சட்டமும் என்னைத் தட்டிக் குடுத்திருக்கும். எனக்கே இப்படின்னா, கண்புரை வெச்சுக்கிட்டு என்னையும் தபால்காரனையும் குழப்பிக்கிற மெர்ல் கையில குடுத்து, அடுத்தவன் வாசலுக்கு அனுப்புவீங்களா? உங்க வீட்டுல என்ன வேணா வெச்சுக்கோங்க, நானும் வெச்சிருக்கேன். என் வண்டியில அது ஏறாது."

என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரன் விஷயம் உண்மைதான்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ராய்ஸ் எழுந்து நின்றார். அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது.

"அந்தப் பால் என்னுது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"குடிவந்த முதல் வாரம். தெருவு மாறிப்போச்சு." அவர் நோரீனையே பார்த்தார். "மேசைக்கு அடியில துப்பாக்கி இருந்ததுன்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே, அக்கா."

"சொல்லியிருந்தா நீ ராத்திரி தூங்கியிருக்க மாட்டே."

"நான்... இப்ப நானேதான சொன்னேன், போட்டுத் தள்ளியிருக்கணும்னு." கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, தான் கொண்டுவந்த கோரிக்கையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"பாலை நாங்க குடிச்சுட்டோம்" என்றாள் நோரீன். அதன் பிறகுதான் கூடத்தில் மூச்சு வந்தது.

செம்புத் திருடர்களுக்காக ஏசி பெட்டிகளுக்கு இரும்புக் கூண்டு போட்டோம். வெல்டிங் செய்து கொடுத்தவர் ராய்ஸ். திருட்டு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் இன்றைக்கும் முனகுகிறவர்கள் உண்டு. முனகட்டும்.

ஆகஸ்டில் ஒருநாள் நானும் நோரீனும் ரோந்து முடித்துத் திரும்பினால் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, ஆர்லோ இல்லை. நூற்றுப் பத்து டிகிரி வெயில். அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் இளவட்டமே சுருண்டு விழும். நோரீன் முகத்தில் பயத்தை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான். அவள் இருக்கும் முதல் தெரு முழுக்க வண்டியை விரட்டினேன், எங்கும் காணோம். அவள் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, ஆர்லோ அண்ணன் இங்க என் வீட்டுலதான் இருக்கார்" என்றது ராய்ஸின் குரல். "கதவைத் திறந்து நேரா உள்ள வந்தார். ரிமோட்டை என் நெஞ்சுக்கு நேரா நீட்டினார். நான் கையைத் தூக்கிட்டேன். அப்புறம் அவரே என் ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை எடுத்துக் குடிச்சுட்டார். இப்ப சாண்ட்விச் போட்டுக் குடுத்திருக்கேன். அவசரமே இல்லை, சாப்பிட்டதும் நானே கூட்டிட்டு வரேன்."

நோரீன் போனை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"வண்டியை மெதுவா ஓட்டுய்யா. சாப்பிட்டு முடிக்கட்டும்."