முறத்தில் கிடந்த பின்சிறகு

மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து நான் வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். வாசல் டியூப்லைட்டுக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பெயர் கண்டுபிடிப்பதுதான் எனக்கிருக்கும் ஒரே கிறுக்கு. நான் வருவதற்குள் மனைவி வாசலைப் பெருக்கி, பூச்சிகளைக் கலைத்து, கோலமும் போட்டிருப்பாள்.

"நான் வாறதுக்கு முன்னாடி பெருக்காதன்னு எத்தனை மட்டம் சொல்லுதது?" என்று எரிகிற கண்ணோடு கத்துவேன்.

"விடிஞ்சும் பெருக்காமப் போட்டா வீடு வெளங்குமா?" என்பாள்.

சுவரில் சில நாள் காய்ந்த இலை நிறத்தில் ஒரு பூச்சி மிஞ்சும். இரண்டு வருடமாக அதற்குப் பெயர் தெரியவில்லை. உட்கார்ந்தால் முன்சிறகு பின்சிறகை மூடிவிடும், தொட்டால் பறந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால், பின்சிறகைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பார்கள்.

போன வாரம் கரண்ட் போய், ஷிப்டைச் சீக்கிரம் விட்டார்கள். நான் வந்தபோது அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் அதே காய்ந்த இலைச் சிறகு. பக்கத்தில் கறுப்புப் பொட்டு வைத்த ஆரஞ்சு நிறப் பின்சிறகு. பின்சிறகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் பூச்சி அது. பறக்கும்போது ஒரு முடிக் கொக்கி இரண்டு சிறகையும் பூட்டி வைத்திருக்கும். இப்போது தனித்தனியாகக் கிடந்தன.

"இது ஏது?"

"கரிச்சான் குருவி பூச்சியத் தின்னுட்டு ரெக்கையப் போட்டுட்டுப் போவும். தெனமும் இங்கனதான் கெடக்கும்."

"ஏன் சொல்லல?"

"பெருக்காதன்னுதான் சத்தம் போட்டிய. என்னத்தப் பெருக்குதேன்னு ஒரு நாளாவது கேட்டியளா?"