நூற்று அறுபது அரசர்களின் தூசி

பாங் ஷுன் வேலைக்குச் சேர்ந்தபோது கோயிலில் இருபத்தொரு அரசர்கள்தான் இருந்தார்கள். எல்லாரும் செத்துப்போனவர்கள். ஆளுக்கு ஒரு மரப்பலகை. சிவப்பு அரக்குப் பூசி, அதன்மேல் பொன்னில் பெயர் எழுதியிருக்கும். இருபத்தொன்றையும் தூசி தட்ட ஒரு காலைப்பொழுது போதும். மதியம் அவர் தூங்குவார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. நடுவில் ஆதி அரசர்கள், பக்கத்தில் ஹான், அப்புறம் தாங், சோங், ஓரத்தில் மிங். இடத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

அப்படியே முப்பது வருஷம் போனது. பழைய சக்கரவர்த்தி தன் கடைசி வருஷத்தில் ஓர் ஆணை போட்டார். நாட்டைத் தொலைத்தவர்களையும் கொடுமை செய்து வெட்டுப்பட்டவர்களையும் விட்டுவிட்டு, எந்த வம்சமானாலும் அரியணையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இங்கே இடம் வேண்டும் என்று. அந்தக் குளிர்காலத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். பலகைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. நூற்று அறுபதைத் தாண்டியது கணக்கு. ஆள் கூட்டவில்லை. ஆட்டுமயிர்த் தூரிகை மட்டும் புதிதாக இரண்டு கொடுத்தார்கள்.

என் பெயர் ஹாவ். கோயிலுக்குப் பலியாக வரும் மாடு, ஆடு, பன்றிகளை அறுப்பது என் வேலை. வசந்தத்தில் ஒரு பலி, இலையுதிர்காலத்தில் ஒன்று. மற்ற நாட்களில் பாங் ஷுன் கூடவே இருப்பேன்.

"உனக்கென்னடா, ஒரு மாட்டை அறுத்தா ஒரு மாடு குறையுது," என்பார். "எனக்கு ஒரு ராஜா செத்தா ஒண்ணு கூடுது."

"இப்ப இருக்கறவங்களும் ஒருநாள் இங்கதானேண்ணே வரணும்?"

"மெதுவா பேசு. இவங்களுக்குத் தனிக் கோயில் இருக்கு. வம்சம் கவுந்தவன்தான் இங்க குடிவருவான்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வடக்கு மதிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அது வேலையோடு சேர்ந்த வீடு. மனைவி சூ மூன்று வருஷமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் செங்கல் கட்டிலில் கிடந்தாள். காலையும் மாலையும் கட்டிலுக்கு அடியில் தீ மூட்டி அவளைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் அவர் மற்ற வேலையைப் பார்ப்பார். ஒரே மகள் அம்மையில் போய்விட்டாள். வேலை போனால் வீடு போகும். அவளைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடம் கிடையாது.

பலகைகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எடுத்து, தூசி தட்டி, அதே இடத்தில் வைத்த பிறகே அடுத்தது. இடம் மாறினால் முதுகில் எண்பது தடியடி, வேலையும் போகும். அவருடைய உடம்புக்கு நாற்பதிலேயே எண்ணிக்கை நின்றுவிடும்.

புதுப் பலகைகள் வந்த பிறகு மூன்றாவது வசந்தம். மறுநாள் பலி. அன்று மாலை துங் என்கிற அதிகாரி மண்டபத்தைப் பார்க்க வருவார். காலையில் மேற்குப் பக்க மாடத்தில் பாங் ஷுன் நின்றுகொண்டிருந்தார். நாடு உடைந்து கிடந்த காலத்தில் தெற்கே ஆண்ட ஒரு சின்ன வம்சம் அது. ஐந்து பலகைகள். முதல் அரசர் நடுவில், அடுத்தவர் அவருக்கு இடப்புறம், அதற்கடுத்தவர் வலப்புறம், இப்படி மாற்றி மாற்றி. ஒவ்வொன்றுக்கும் மூன்று படி ஏறி இறங்க வேண்டும். ஐந்தையும் ஒன்றாக அணைத்து எடுத்துவந்து, கம்பளி விரித்த மேசையில் வரிசையாக வைத்தார். மிச்சமானது நான்கு முறை ஏறி இறங்குவது.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் கத்தினேன். அவர் பதறித் திரும்பியதில் இடுப்பு மேசையில் மோதியது. பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன.

மாட்டைக் கட்டிவிட்டு நான் உள்ளே போனேன். ஐந்திலும் கீறல்கூட இல்லை.

"தப்பிச்சோம்ணே," என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். பிறகு பலகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு நின்றது.

"ஹாவ், எது எங்க இருந்துச்சு?"

ஒன்று மட்டும் எதுவென்று அவருக்குத் தெரிந்தது. அதன் அடிக்கட்டையில் அரக்கு வழிந்து, காய்ந்த சோற்றுப் பருக்கை போல ஒட்டியிருந்தது. அது நடுவில் இருந்தது. மற்ற நான்கும் ஒரே அச்சு. எனக்கும் படிக்கத் தெரியாது. வெளியாளை மண்டபத்துக்குள் விட முடியாது. அதிகாரிகளைக் கேட்டால் நாமே போய் முதுகைக் காட்டினது போல.

அவர் வெளியே போய் ஐந்து விறகுச் சிராய் கொண்டுவந்தார். கரித்துண்டால் ஒவ்வொரு பலகையில் இருந்த எழுத்தையும் ஒவ்வொரு சிராயில் பார்த்து வரைந்தார். கோடு கோடாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. வரைய வரைய வியர்த்தது. அரக்குப் பருக்கை பலகையின் சிராயில் நுனியைக் கொஞ்சம் ஒடித்து அடையாளம் வைத்தார். முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது.

கோயில் முன்னால் குதிரையில் வருபவர்கள் இறங்கி நடக்க வேண்டும் என்று ஒரு கல் நட்டிருக்கும். இறங்குகிறவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று அந்தக் கல்லின் அடியில்தான் மியாவ் வாத்தியார் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார். பரீட்சையில் ஏழு முறை தோற்றவர். இரண்டு எள் ரொட்டியை அவர் முன் வைத்துவிட்டு பாங் ஷுன் சிராய்களை நீட்டினார்.

"தலைகீழா கொடுக்கறே."

"எது தலைன்னு தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன், வாத்தியாரே?"

"யார் வரைஞ்சது? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"தேநீர்க் கடையில ஒரு பந்தயம். இவங்க அஞ்சு பேர்ல யாரு முந்தி, யாரு பிந்தின்னு."

"பந்தயம் கட்ட வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? இருபது சொச்சம் வருஷம் ஆண்ட கூட்டம் இது. பரீட்சையில கூட இவங்களைக் கேக்க மாட்டான்." ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். "அதனாலயே நான் படிச்சு வெச்சேன்."

முந்தி ஆண்டவர் முதலாகச் சிராய்களைத் தரையில் வரிசையாக வைத்தார். நுனி ஒடிந்தது இரண்டாவதாக இருந்தது.

பாங் ஷுன் குனிந்து பார்த்தார். "இவரு இல்லையா முதல்ல?"

"இவன் மகன். அப்பன் இதோ."

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

"ஏழு தடவை பரீட்சை எழுதினவனைப் பாத்து யோசிக்கச் சொல்றியா?"

"ஏழு தடவையும் தோத்தீங்களே," என்றேன் நான்.

"அப்ப போய் உன் மாட்டைக் கேளு."

வாத்தியார் மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாங் ஷுன் சிராய்களை வரிசை குலையாமல் எடுத்துக்கொண்டார். திரும்பி நடக்கையில் காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"அந்த ஆளு உளறுறான்ணே," என்றேன்.

"உளறினா அந்த ஒண்ணுல மட்டுமா உளறுவான்? மத்த மூணையும் எப்படி நம்பறது?"

"அப்ப அதிகாரிங்க தப்பா வெச்சுட்டாங்களா?"

"கத்தாதே."

மண்டபத்தில் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். மியாவ் சொன்னது சரியென்றால் இரண்டு வருஷமாக மகன் நடுவிலும் அப்பன் ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் வந்து அதற்கு மண்டியிட்டிருக்கிறார்கள். இப்போது சரியாக வைத்தால், பலகைகள் இருந்தபடியே குறித்து அதிகாரி கையில் வைத்திருக்கும் படத்துக்கு அது தப்பாகிவிடும்.

"என்ன பண்றதுண்ணே? சரியா வெக்கறதா, இருந்தபடி வெக்கறதா?"

"முப்பது வருஷமா எனக்குச் சோறு போடறது இருந்தபடி வெக்கறதுக்குத்தான்," என்றார்.

அரக்குப் பருக்கைப் பலகையை நடுவில் வைத்தார். அப்பனை மகனுக்குரிய இடத்தில், இடப்புறம் வைத்தார். மிச்ச மூன்றும் மியாவ் சொன்ன வரிசை. இப்போது மூன்று படியை ஐந்து முறை ஏறி இறங்கினார். முடித்துவிட்டுக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

துங் சாயங்காலம் வந்தார். மடித்த படத்தைக் கக்கத்தில் இடுக்கி, கைகளைச் சட்டைக்கைகளுக்குள் விட்டிருந்தார். சளி பிடித்திருந்தது. மாடம் மாடமாக நின்று, முகவாயை அசைத்து எண்ணினார். அந்த மாடத்தின் முன்னால் வந்ததும் நின்றார். நான் பாங் ஷுனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

"ஏய் பாங்."

"ஐயா."

"இது என்ன?"

ஒரு கையை வெளியே எடுத்து நடுப்பலகையை நோக்கி நீட்டினார். பாங் ஷுன் மண்டியிட்டார். முழங்கால் தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"அடிக்கட்டையில பாரு. தூசி."

அரக்குப் பருக்கையின் மேல் கம்பளி இழை ஒன்று ஒட்டியிருந்தது. பாங் ஷுன் எழுந்து, படி ஏறி, சட்டைக்கையால் அதை எடுத்தார்.

"இன்னும் எத்தனை பாக்கி?" என்று துங் கேட்டார்.

"நூத்துக்கு மேல இருக்குங்க ஐயா."

துங் மீதி மாடங்களை ஒருமுறை பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் இதே மாதிரிதான இருக்கும்?"

"ஆமாங்க ஐயா."

"கதவைச் சாத்து."

படத்தை அவர் பிரிக்கவே இல்லை.

சிராய்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுத்து புனிதம், அது இருப்பதைச் சமையல் அடுப்பில் போடக்கூடாது. என் கத்திப் பெட்டியில் ஒளித்துவைத்து, மறுநாள் பலி முடிந்து பட்டும் வாழ்த்துத் தாளும் எரிக்கும் சூளையில் அவற்றோடு சேர்த்துத் தள்ளினோம்.

துங் போன அன்று மாலை பாங் ஷுனை வீடுவரை தாங்கிக்கொண்டு போனேன். கட்டில் ஆறிப்போயிருந்தது. சூ விழித்திருந்தாள்.

"ஏங்க, இவ்வளவு நேரம்? பாத்தாரா?"

"எண்ணிப் பாத்தாரு."

"சரியா இருந்துச்சா?"

"அஞ்சு இருக்கணும். அஞ்சு இருந்துச்சு."

அவர் குனிந்து தீ மூட்டினார். நான் சூவின் தோளைப் பிடிக்க, இருவருமாக அவளைப் புரட்டிப் போட்டோம்.

"அப்பாடா, முடிஞ்சுது," என்றாள் அவள்.

"இலையுதிர்காலத்துல மறுபடியும் வரும்," என்றார் பாங் ஷுன்.

சூ அந்தக் கட்டிலிலேயே நான்கு வருஷம் கழித்துப் போனாள். இரண்டு வருஷம் கழித்து, அதே அறையில் அவரும். அதுவரை விதிப்படி ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார். எல்லா மாடத்திலும் நடுவிலிருந்து தொடங்குவார். அந்த ஒரு மாடத்தில் மட்டும் இடப்புறத்து அப்பன் பலகையைத்தான் முதலில் எடுப்பார். அதைத் துடைத்து வைத்துவிட்டு, முழங்காலைத் தேய்த்தபடி கொஞ்சநேரம் படியில் உட்கார்ந்திருப்பார். பிறகுதான் நடுவில் இருப்பவரிடம் போவார்.